அம்மாவுக்கு எந்தக் கிழமை ஓய்வு?

கேள்வி: இரண்டு வருடமாக நான் சனிக்கிழமைச் சபைக்குப் போகிறேன். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும் வரை ஒரு வேலையும் தொடுவதில்லை. மனைவியும் பிள்ளைகளும் இன்னும் ஞாயிறு ஆராதனைக்குத்தான் போகிறார்கள். வீட்டில் ஓயாத வாக்குவாதம். சாப்பாட்டுக்குப் பிரச்சினையில்லை, 72 வயது அம்மா, முழங்கால் வருத்தம் இருந்தாலும், இரண்டு நாளும் சமைத்துவிடுவா. உண்மையான ஓய்வுநாள் எது? மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், மானிப்பாய்

பதில்: தம்பி, வேதத்தில் ஓய்வுநாள் ஏழாம் நாள், அதாவது சனி. யூதர் அதை விட்டதேயில்லை. கிறிஸ்தவர் ஞாயிறு கூடுவது இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால். ரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் 321இல் ஓய்வுநாளைச் சனியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றிவிட்டான் என்று உமக்குச் சொல்லியிருப்பார்கள். அவன் ஞாயிறைச் சட்டப்படி விடுமுறையாக்கினான், அவ்வளவுதான். அதற்கு 150 வருடத்துக்கு மேல் முந்தியே கிறிஸ்தவர்கள் ஞாயிறில் கூடியிருக்கிறார்கள். எந்த நாளென்று அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிவிட்டார். உமக்கும் மனைவிக்கும் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

என்னைக் கோபப்படுத்தியது உமது சாப்பாட்டு வரிதான். 'பிரச்சினையில்லை.' யாருக்கு இல்லை?

வேதத்தில் பத்துக் கட்டளைகள் இருக்கிற யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியும். நீர், மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகம், வாசலுக்குள் இருக்கிற அந்நியன், ஒருவரும் வேலை செய்யக்கூடாது. உபாகமம் இன்னும் தெளிவு: வேலைக்காரனும் உம்மைப்போல் இளைப்பாற வேண்டுமாம். மாட்டுக்குக்கூட ஓய்வு இருக்கிறது. அம்மா அந்தப் பட்டியலில் இல்லையே என்று வாதாடுவீரோ? அதற்கு அடுத்த கட்டளையே தாய் தகப்பனைக் கனம்பண்ணுவதுதான்.

நீர் சனி இருப்பீர், மனைவி ஞாயிறு இருப்பா. இரண்டு நாளும் அடுப்படியில் அந்த மனுஷி. அவ எந்தக் கிழமை ஆராதனைக்குப் போகிறா என்று உமது கடிதத்தில் ஒரு சொல் இல்லை. போவதற்கு நேரம் கிடைக்கிறதா?

1966 முதல் 1971 வரை இலங்கையில், பௌத்தர் அனுசரிக்கும் சந்திர நாளான போயாவை ஒட்டித்தான் வார விடுமுறை. ஞாயிறு பல வேளை வேலை நாளாகிவிடும். என் அப்பா அப்படியான ஞாயிறுகளில் விடியப்புறம் எழும்பி, கிணற்றில் அள்ளிக் குளித்து, தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்து, ஆராதனை முடிந்து கந்தோருக்குப் போவார். தன் பக்திக்காக அம்மாவை அவர் ஒருநாளும் எழுப்பியதில்லை.

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வானத்து மன்னாவைச் சாப்பிட்ட காலத்தில் ஆறாம் நாளே இரண்டு நாளைக்குச் சேர்த்துப் பொறுக்கி, சமைத்து வைத்தார்கள். நீரும் அப்படிச் செய்யும். வெள்ளி பொழுதுபட முதல் குசினிக்குள் இறங்கி, நீரே சோறும் மீன்குழம்பும் வையும். மீன்குழம்பு மறுநாள்தான் ருசி. ஞாயிறுச் சமையலைச் சனி இரவு மனைவி முடிக்கட்டும். அவவையும் நான் விடமாட்டேன். பிள்ளைகள் வெங்காயம் உரிக்கலாம்.

சனி மத்தியானம் அம்மா கதிரையில் இருக்க, நீர் கோப்பையில் போட்டுக் கொடும். அவவுக்கு எந்தக் கிழமை விருப்பம் என்று அப்போது கேட்டு எனக்கு எழுதும். அதற்குப் பிறகு சனியா ஞாயிறா என்று கதைப்போம்.