முதுமையில் எடையும் மனச்சோர்வும்: முதியோர் நல மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது. ஆறே மாதங்களில் 60 கிலோவிலிருந்து 55 கிலோவுக்கு இளைத்துவிட்டார். பசியில்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்வதில்லை. இது மனச்சோர்வாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் எடுத்த எடுப்பில் அந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. தங்கள் தாயார் இழந்திருப்பதோ 8 சதவீதத்துக்கும் அதிகம். வயதானால் இளைப்பது இயல்பு என்று இதை விட்டுவிட முடியாது.

முதியவர்கள் "மனம் சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்வது அரிது. "வாய் கசக்கிறது", "உடம்பு அசதியாக இருக்கிறது" என்றே சொல்வார்கள். விரும்பிச் செய்துவந்தவற்றை அவர் கைவிட்டிருக்கிறாரா, விடியும் முன்பே விழித்துக்கொண்டு மீண்டும் உறங்க முடியாமல் தவிக்கிறாரா என்று கவனியுங்கள். அதே வேளையில், தைராய்டு மிகையாகச் சுரப்பதும் முதுமையில் படபடப்பையோ நடுக்கத்தையோ காட்டாமல், சோர்வும் எடையிழப்புமாக மட்டுமே வெளிப்பட்டு, மனச்சோர்வைப் போலவே தோற்றம் தரக்கூடும். சர்க்கரை நோய், புற்றுநோய், மறதி நோயின் தொடக்கம், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். பல்செட்டைக் கழற்றி ஈறையும் பாருங்கள்: இளைத்தால் பல்செட் தளரும், தளர்ந்தால் ஈறு புண்ணாகும், புண்ணானால் உணவு இறங்காது. என் அனுபவத்தில் குடும்பத்தார் கடைசியாகக் கவனிப்பது இதைத்தான்.

இரத்தப் பரிசோதனைகளோடு, முதியோருக்கென்றே வகுக்கப்பட்ட 15 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோலையும் பயன்படுத்துமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பருமனால் மனச்சோர்வு வருகிறதா, மனச்சோர்வால் பருமன் வருகிறதா?

இரண்டும் நடக்கின்றன. நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பருமனானவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதமும், மனச்சோர்வுள்ளவர்கள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு 58 சதவீதமும் கூடுதல் என்று கண்டது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு உடலில் மெல்லிய அழற்சியை நீடிக்கச் செய்வதும், மூட்டுவலியால் நடமாட்டம் குறைந்து வீட்டோடு முடங்க நேர்வதும் இதற்கான காரணங்களில் சில. முதுமையில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு: அளவுக்கு மீறிய பருமனைப் போலவே, அளவுக்கு மீறிய மெலிவும் மனச்சோர்வோடு சேர்ந்தே காணப்படுகிறது.

கேள்வி: 78 வயதான என் தந்தையின் உடல் நிறை குறியீடு (BMI, எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 26. மனம் சோர்ந்திருக்கும் அவரைப் பட்டினி போட்டாவது இளைக்க வைக்கலாமா?

வேண்டாம். முதலில் அந்த எண்ணையே சற்றுச் சந்தேகியுங்கள். 68 கிலோ எடையுள்ள ஒருவர் முதுகு கூனி 165 செ.மீ. உயரத்திலிருந்து 161 செ.மீ.க்குக் குறுகினால், ஒரு கிராம்கூட ஏறாமலே அவரது குறியீடு 25-இலிருந்து 26-ஐத் தாண்டிவிடும். மேலும், தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் தராசு அதைக் காட்டிக்கொடுக்காது. கெண்டைக்காலின் சுற்றளவு 31 செ.மீ.க்குக் குறைந்திருந்தால் தசையிழப்பைச் சந்தேகிக்கலாம். பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் போகும். பிறகு அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்கே தயங்குவார், மனம் மேலும் சுருங்கும். அவருக்கு இப்போது தேவை போதிய புரதமும், மருத்துவர் அனுமதிக்கும் தசைப்பயிற்சியும், மனச்சோர்வுக்கான முறையான சிகிச்சையும்தான்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை எடையைக் கூட்டுமா?

மிர்டாசபின் பசியைத் தூண்டி எடையைக் கூட்டும். மெலிந்துபோன முதியவருக்கு அதுவே அனுகூலமாக அமைவதும் உண்டு. செர்ட்ராலின் போன்றவை தொடக்கத்தில் பசியைச் சற்றுக் குறைக்கலாம். எடை ஏறுகிறது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம். செர்ட்ராலின் வகை மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் குழப்பமோ தள்ளாட்டமோ தெரிந்தால், அம்மருந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்திருக்கக்கூடும் என்பதால் அதன் அளவை உடனே பரிசோதிக்க வேண்டும்.