38 லட்சத்தையும் பொம்மை ஃபேக்டரியில் போடலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. கோவையில் ஒரு டூல் ரூமில் மோல்டு (பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு) டிசைனராக இருக்கிறேன். சம்பளம் 62,000 ரூபாய். பி.எஃப்.பில் 14 லட்சம், வங்கி டெபாசிட்டில் 16 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 8 லட்சம் இருக்கிறது. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். என் மச்சான் சென்னை பாரிமுனையில் பொம்மை மொத்த வியாபாரம் செய்கிறார். "சைனா சரக்கு குறைந்துவிட்டது. நீங்கள் பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் ஓடும் புல்-பேக் கார் செய்து கொடுங்கள், நான் விற்றுத் தருகிறேன். பணம் மட்டும் 90 நாளில் வரும்" என்கிறார். 150 டன் மோல்டிங் மெஷின் 18 லட்சம், இரண்டு மோல்டு 10 லட்சம், ஷெட் அட்வான்ஸ், கரன்ட், மற்றவை 6 லட்சம், ஆக 34 லட்சத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? இல்லை, பொம்மை கம்பெனி பங்குகள் வாங்குவது நல்லதா?

பதில்: தொழிலில் இறங்குங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு வேண்டாம், வேலையை விட்டுவிட்டும் வேண்டாம்.

மச்சான் சொல்வது பொய்யில்லை. 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-இல் அது 70 ஆனது. நடுவில், 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்துதான் சந்தையைப் புரட்டிப் போட்டன. 2018-19-இல் 37.1 கோடி டாலராக இருந்த இறக்குமதி, 2021-22-இல் சுமார் 11 கோடி டாலராக விழுந்தது. அதே காலத்தில் ஏற்றுமதி 20.2 கோடியிலிருந்து 32.6 கோடி டாலரானது. தொழில் வளர்ந்தது உண்மை. மோல்டும் இன்ஜினியரிங்கும் தெரிந்த ஊரில் இருக்கும் உங்களைப் போன்றவர்கள் இதில் வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

ஆனால் அடுத்த வருடத்தையும் பாருங்கள். 2022-23-இல் ஏற்றுமதி அதே 32.6 கோடிப் பக்கம்தான் நின்றது. இறக்குமதியோ 15.9 கோடிக்குத் திரும்ப ஏறியது. வரி வெளிநாட்டுச் சரக்கைத் தடுக்கும். உங்களுக்கு ஆர்டர் வாங்கித் தராது. வெளிச்சந்தையும் அப்படித்தான்: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்த ஒரே சந்தையை நம்பியிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். அரசு ஒரு அறிவிப்பில் கொடுத்த லாபத்தை இன்னொரு அறிவிப்பில் எடுத்துவிட முடியும். அப்படிப்பட்ட இடத்தில் குடும்பத்தின் மொத்தப் பணத்தையும் வைக்கக் கூடாது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். அதில் ஜிஎஸ்டி இல்லை. மெஷினுக்கும் மோல்டுக்கும் 18 சதவீதம். 28 லட்சத்துக்கு 5,04,000 ரூபாய். உங்கள் 34 லட்சம் 39 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கையில் இருப்பதோ 38.

"அது இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வந்துவிடுமே" என்று உங்கள் ஆடிட்டர் சொல்லியிருக்கலாம். வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்வதுதான் அது. வழக்கமான தொழிலில் வரும். பொம்மையில் சிக்கல் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், எலெக்ட்ரானிக் அல்லாத பொம்மைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் நீங்கள் வாங்கும் ஏபிஎஸ், பிபி பிளாஸ்டிக் குருணைக்கு 18 சதவீதம். மாதம் 4 லட்சத்துக்கு விற்றால் நீங்கள் வசூலிக்கும் வரி 20,000 ரூபாய். அதற்கு 1.6 லட்சத்துக்குக் குருணை வாங்கினால் நீங்கள் கட்டிய வரி 28,800. அதாவது மூலப்பொருளின் கிரெடிட்டே மிஞ்சுகிறது. அந்த மிச்சத்துக்கு ரீஃபண்ட் கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. மெஷின், மோல்டு போன்ற மூலதனப் பொருளுக்குக் கட்டிய வரிக்கு அந்த ரீஃபண்ட் கிடையாது. உங்கள் 5 லட்சம் போர்ட்டலில் ஒரு எண்ணாக நிற்கும், கைக்கு வராது.

இதே பணம் எப்போது உயிர் பெறும் தெரியுமா? நீங்கள் 18 சதவீத வரியில் எதையாவது விற்கும்போது. மோல்டு செய்து விற்றால் 18 சதவீதம். மற்றவர்களுக்கு மோல்டிங் ஜாப் ஒர்க் செய்து கொடுத்தாலும் 18 சதவீதம். 5 லட்சம் ரூபாய் மோல்டு ஒன்றை விற்றால் 90,000 ரூபாய் வரியை இந்தக் கிரெடிட்டிலிருந்தே கட்டலாம். வரிக் கணக்கே உங்களை உங்கள் கைத்தொழில் பக்கம்தான் தள்ளுகிறது.

அப்புறம் மோல்டு செலவு. 5 லட்சம் ரூபாய் மோல்டில் 10,000 கார் அடித்தால் ஒரு காருக்கு 50 ரூபாய் மோல்டு செலவு விழும். ஒரு லட்சம் கார் அடித்தால் 5 ரூபாய். பொம்மைத் தொழிலில் பிழைப்பதும் விழுவதும் இந்த ஒரு கணக்கில்தான். ஒரு மாடல் எத்தனை நாள் ஓடும் என்பதைக் குழந்தைகள் தீர்மானிக்கிறார்கள். இரண்டு மாடலை மட்டும் நம்பி ஒரு மெஷினை ஓட்டுவது எனக்குப் பயமாக இருக்கிறது. புல்-பேக் கியர் பெட்டியை எங்கே வாங்கப் போகிறீர்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. எலெக்ட்ரானிக் பொம்மைகளின் பாகங்கள் தவிர மற்ற பொம்மை பாகங்களுக்கும் அதே 70 சதவீத இறக்குமதி வரிதான். அந்தக் கியர்களுக்கு நீங்களே மோல்டு போட முடிந்தால், காரை விட அதற்குத்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் கிடைப்பார்கள்.

ஐஎஸ்ஐ உரிமத்தையும் உங்கள் பட்டியலில் காணோம். எலெக்ட்ரிக் அல்லாத பொம்மைக்கு ஐஎஸ் 9873 தரம்: கூர் முனை, உடைந்து வரும் சின்னப் பாகம், தீப்பிடிக்கும் தன்மை, சாயத்தில் ஈயம் போன்ற உலோகங்கள், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வரை சோதிப்பார்கள். உரிமம் குறிப்பிட்ட தொழிற்கூட முகவரிக்குத்தான் கிடைக்கும். ஷெட் மாற்றினால் மறுபடி அலைய வேண்டும். குறு நிறுவனங்களுக்குச் சொந்த லேப் இல்லாமலே உரிமம் தரும் சலுகை கொடுத்தார்கள். இப்போது உங்களுக்கு அது கிடைக்குமா, எத்தனை காலத்துக்கு என்பதைக் ஐஎஸ்ஐ முத்திரை தரும் அமைப்பான பிஐஎஸ்ஸின் கோவைக் கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். முத்திரை இல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2023 ஜனவரியில் பெரிய மால் கடைகளிலேயே புகுந்து பறிமுதல் செய்தார்கள். அதை விட முக்கியம், அந்தக் காரை வாயில் வைக்கப் போவது ஒரு குழந்தை.

எனவே நான் சொல்வது இது. மொத்தம் 12 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள், அதுவும் வங்கி டெபாசிட்டிலிருந்து மட்டும். ஒரே ஒரு மோல்டு, வரியோடு 5.9 லட்சம். மெஷின் வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஐஎஸ்ஐ உரிமம் வைத்திருக்கும் ஒரு தயாரிப்பாளரிடம் மோல்டைக் கொடுத்து, அவர் உரிமத்தில், அவர் முத்திரையோடு அடித்து வாங்குங்கள். மிச்சம் 6 லட்சம் குருணை, பேக்கிங், கடனில் நிற்கும் சரக்கு ஆகியவற்றுக்கு. டெபாசிட்டில் மீதி 4 லட்சம் அவசரத்துக்கு. மியூச்சுவல் ஃபண்ட் 8 லட்சம் மகளின் கல்லூரிக்கு, அதற்கு இன்னும் இரண்டே வருடம்தான் இருக்கிறது. ஆகவே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு ஃபண்டிலிருந்து கடன் ஃபண்டுக்கு மாற்றத் தொடங்குங்கள். பி.எஃப். பக்கமே போகாதீர்கள். 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். அந்தப் பாதுகாப்போடு அந்த வட்டி வெளியே கிடைக்காது.

சம்பளம் தொடரட்டும். வெளிவேலை செய்ய உங்கள் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், ஒளித்துச் செய்ய வேண்டாம். அனுமதி தரவில்லையென்றால் தொழிலை மனைவி பெயரில் தொடங்கி, நிர்வாகத்தையும் அவரே பார்க்கட்டும். மச்சானைத் தவிர இன்னும் இரண்டு பேராவது தொடர்ந்து ஆர்டர் கொடுத்து, மோல்டுக்குப் போட்ட பணமும் திரும்பிய பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம். அதைக் கடனில் வாங்குங்கள். புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. வயது வரம்பு பிரிவுக்குப் பிரிவு மாறும், பெண்களுக்குத் தளர்வும் இருக்கிறது. ஆகவே மெஷினுக்கு ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்விடுங்கள். சிறு தொழில் கடனுக்காக வங்கியிடம் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தில் கடன் கேட்டால் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கத் தேவையில்லை.

பங்குகளைப் பற்றிச் சுருக்கமாக. ராணிப்பேட்டையிலும் கோவாவிலும் தொழிற்சாலை வைத்திருக்கும் ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்தது. அது பட்டியலிடப்படவில்லை. அதற்காக எம்.ஆர்.எஃப். பங்கை வாங்கினால் டயர் வியாபாரத்தைத்தான் வாங்குகிறீர்கள். பட்டியலில் இருக்கும் சின்னப் பொம்மைப் பங்குகளில் உங்கள் மகளின் கல்லூரிப் பணத்தைப் போடச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக அந்த 90 நாள். மாதம் 4 லட்சத்துக்குச் சரக்கு கொடுத்து 90 நாள் காத்திருந்தால் எப்போதும் 12 லட்சம் வெளியே நிற்கும். உங்கள் முழு வரம்பும் அவர் கடையில் போய்விடும். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு உடனே எடுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காத வியாபாரி, வருமான வரிச் சட்டப்படி, பணம் கொடுக்கும் வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. மச்சானின் ஆடிட்டருக்கே இது தெரியும். மாதச் சரக்கு இவ்வளவு, 45 நாளில் பணம், விற்காத சரக்கு யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் இதற்குச் சம்மதித்தால் மோல்டு வேலையை ஆரம்பியுங்கள். சம்மதிக்காவிட்டால், வேறு வியாபாரி கிடைக்கும் வரை பணம் டெபாசிட்டிலேயே இருக்கட்டும்.