கடைச் சாப்பாடும் வீட்டு நாயும்: வாசகர் கேள்விகள்

நாய், பூனைக்குக் கடையில் விற்கும் உணவுகளை நம்பலாமா என்று இம்முறை பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

எங்கள் ஊர்க் கடையில் 20 கிலோ மூட்டையை உடைத்து, நாய்ச்சாப்பாட்டை நிறுத்துப் பொலித்தீன் பையில் போட்டுத் தருகிறார்கள். பக்கற்றைவிட நல்ல மலிவு. வாங்கலாமா? – வாசகி, பரந்தன்

வாங்க வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து நல்லபடி வந்த உணவையும் கெடுப்பது இந்த விற்பனைதான்.

உலர் உணவு சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து பொரிந்து வந்த பிறகு, அதன்மேல் கொழுப்பைத் தெளிப்பார்கள். நாய் வாசம் பிடித்து ஓடி வருவது அந்தக் கொழுப்புக்குத்தான். காற்றும் சூடும் பட்டால் முதலில் காறுவதும் அதுதான். அதைத் தடுக்க பி.எச்.ஏ. என்ற பாதுகாப்பு இரசாயனத்தை அல்லது விற்றமின் ஈ வகையைச் சேர்த்திருப்பார்கள். ஆனால் பை திறந்த நாளிலிருந்து அவற்றின் வலு குறைந்துகொண்டே போகும். கொழுப்புக் காறும்போது விற்றமின் ஏ, ஈ இரண்டும் கூடவே அழியும். இந்த உணவுகளை 27 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடைக்குள், வாய் திறந்தபடி கிடக்கும் மூட்டையின் நிலையை நீங்களே யோசித்துப் பாருங்கள். இரவில் எலியும் கரப்பானும் அதற்குள் இறங்கும். நிறுத்து வாங்கிய பையில் காலாவதித் திகதியும் இல்லை, எந்தத் தயாரிப்பில் வந்தது என்று காட்டும் தொகுதி இலக்கமும் இல்லை. நாளைக்கு ஒன்று நடந்தால் எந்தச் சாப்பாடு என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. 15 கிலோ எடையுள்ள, வளர்ந்த ஊர் நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 240 கிராம் உலர் உணவு போதும். அப்படிப் பார்த்தால் 3 கிலோப் பை 12 நாளில் முடியும். 20 கிலோ மூட்டை 80 நாளைத் தாண்டும், அது எங்கள் வெக்கைக்குச் சரிவராது. ஒரு மாதத்துக்குள் முடியும் அளவில் வாங்குங்கள். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து மூட்டை வாங்கி, உடைத்த அன்றே பிரித்துக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் பையிலுள்ள திகதியையும் தொகுதி இலக்கத்தையும் எல்லோரும் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் வைக்கும்போது உணவை வாளிக்குள் கொட்டாதீர்கள். பையோடு வாளிக்குள் வைத்து, பையின் வாயை மடித்துக் கவ்வி போட்டு, வாளியை மூடுங்கள். கொட்டினால் கொழுப்பு வாளிச் சுவரில் ஒட்டிக் காறி, அடுத்துப் போடும் புது உணவையும் கெடுக்கும். வாளியைச் சுவரிலிருந்து தள்ளி, இரண்டு செங்கல்லின்மேல் வையுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி ஈரம் நிலத்திலிருந்தே ஏறும். அள்ளும் கரண்டி காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையால் அள்ளினாலே பூஞ்சணத்துக்குப் போதும்.

கிழமைக்கு ஒருமுறை ஒரு பிடி எடுத்து மூக்கருகே பிடித்துப் பாருங்கள். பலகாரம் சுட்டு நாள்பட்ட தாச்சி எண்ணெயின் வாடை வந்தால் அது காறிவிட்டது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, நூல்போல வலை தெரிந்தாலோ முழுப் பையையும் விலக்குங்கள். மேலே உள்ளதை மட்டும் எடுத்து எறிந்தால் போதாது.

பூஞ்சண நஞ்சால் வெளிநாட்டில் நாய்கள் செத்ததாகக் கேள்விப்பட்டோம். பையில் பூஞ்சணம் தெரியாவிட்டால் பயமில்லைத்தானே? – வாசகர், ஒட்டுசுட்டான்

செத்தது உண்மை. பூஞ்சணம் தெரியாவிட்டால் பயமில்லை என்பது சரியல்ல.

அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் சோளனிலும் கச்சானிலும் வளர்ந்து அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை விடும். தானியத்தை அரைத்துப் பொரித்தால் பூஞ்சணம் சாகும், நஞ்சு சாகாது. உணவு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அமெரிக்காவில் செல்லப்பிராணி உணவுக்கு இந்த நஞ்சின் எல்லை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். 2005 இறுதியில் டயமண்ட் நிறுவனத்தின் உணவிலும், 2020 டிசம்பரில் ஸ்போர்ட்மிக்ஸ் உணவிலும் அந்த எல்லை தாண்டியது. இரண்டாவது சம்பவத்தில் மட்டும் 110க்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக முறைப்பாடுகள் பதிவாகின. இரண்டிலும் தானியத்தோடு வந்த நஞ்சுதான்.

இந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். முதலில் நாய் சாப்பாட்டை மணந்துவிட்டு விலகும், சோர்ந்து படுக்கும், சத்தி எடுக்கும். பிறகு கண் வெள்ளையும் முரசும் மஞ்சளாகும், சிறுநீர் கடும் நிறமாகும், மலத்தில் இரத்தம் போகும். பசியோடு பாய்ந்து தின்ற நாய் அதே பையை இரண்டு நேரம் தொடர்ந்து மறுத்தால், வற்புறுத்தாமல் அந்தப் பையை நிறுத்துங்கள். செங்கமாரி தெரியும்வரை காத்திருந்தால் ஈரல் நிறையவே சேதப்பட்டிருக்கும்.

இதைவிட எங்களுக்குக் கவலை தருவது வீட்டுப் பழக்கம். மழையில் நனைந்து கறுத்த கச்சானை “மனிசருக்கு ஆகாது” என்று நாய்க்கும் கோழிக்கும் போடுகிறோம். அதே நஞ்சு அதில்தான் கூடுதலாக இருக்கும். புதைத்துவிடுங்கள். கோழித்தீனும் அப்படித்தான். மலிவு என்று சோற்றோடு பிசைந்து நாய்க்கு வைக்கிறார்கள். இறைச்சிக் கோழிக்கான தீனில் இரத்தக் கழிச்சலைத் தடுக்க மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கலாம். கோழி தாங்கும் அளவு நாயின் தசையையும் நரம்பையும் பாதிக்கும். பின்னங்கால் தள்ளாடி விழும்.

2007இல் மெலமைன் கலந்த உணவு பிடிபட்டதே, அது என்ன? பக்கற்றில் புரதம் இவ்வளவு வீதம் என்று போட்டிருப்பதை நம்பலாமா? – வாசகர், முல்லைத்தீவு

புரதத்தை ஆய்வுகூடத்தில் நேரடியாக அளப்பதில்லை. உணவிலுள்ள நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். மெலமைன் பிளாஸ்டிக் செய்யும் பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். சீனாவிலிருந்து போன கோதுமைப் புரத மாவில் இதைக் கலந்ததும் புரத அளவு ஏறியதுபோலக் காட்டியது. அதே மாவில் சயனூரிக் அமிலமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் பளிங்குகளாகப் படிந்து அடைத்தன. 2007 மார்ச்சில் கனடாவின் மெனு ஃபூட்ஸ் நிறுவனம் 6 கோடிக்கு மேற்பட்ட ரின்களையும் பைகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அடுத்த வருடம் சீனாவில் குழந்தைப் பால்மாவிலும் இதே மோசடி பிடிபட்டது.

ஆகவே புரத வீதம் ஒரு எண், தரம் அல்ல. பொருட்களின் பட்டியலில் முதல் இரண்டு மூன்று என்ன என்று பாருங்கள். எடையில் கூடியது முதலில் வரும். ரின் உணவையும் உலர் உணவையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். ரின்னில் புரதம் 8 வீதம், நீர் 78 வீதம் என்றால் நீரில்லாப் பகுதி 22தான். 8ஐ 22ஆல் பிரித்தால் 36 வீதம். உலர் உணவில் புரதம் 22, நீர் 10 என்றால் 24 வீதத்துக்குச் சற்று மேல். குறைவாகத் தெரிந்த ரின்தான் புரதம் கூடியது.

விலை கூடிய பெயர் என்பதும் காப்பு அல்ல. 2019இல் ஹில்ஸ் நிறுவனத்தின் ரின் நாய் உணவுகளில் விற்றமின் டி மிக அதிகமாகிவிட்டது. வெளியிலிருந்து வாங்கிய விற்றமின் கலவையில் நடந்த பிழை. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், சத்தி ஆகியவை அதன் அறிகுறிகள்.

நாய்க்கு வாங்கும் உணவையே பூனைக்கும் போடுகிறோம். விரும்பித் தின்கிறது. – வாசகி, மாங்குளம்

விரும்பினாலும் கூடாது. டோரின் என்ற சத்தை நாய் தன் உடம்பில் செய்துகொள்ளும். பூனையால் போதியளவு செய்ய முடியாது. அது முக்கியமாக இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. நாய் உணவு மாதக்கணக்கில் தொடர்ந்தால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகலாம், இதயம் வீங்கிப் பலவீனமாகலாம். இதயத்துக்கும் டோரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல் நிறுவப்பட்ட பிறகுதான் பூனை உணவுகளில் அதைக் கூட்டினார்கள். வீட்டில் மீன் அவித்துக் கொடுப்பவர்கள் அவித்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். டோரின் அதில் கரைந்து போகும். பச்சையாகச் சாளை, நெத்தலி தொடர்ந்து கொடுப்பதும் பிழை. அவற்றிலுள்ள ஒரு நொதியம் விற்றமின் பி1ஐ அழிக்கும். அவித்தால் அந்த நொதியம் அழிந்துவிடும்.

கைக்குழந்தை உள்ள வீடு. நாயின் உலர் உணவால் பிள்ளைக்கு நோய் வருமா? – வாசகி, வவுனியா

வரலாம். வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும் சல்மொனெல்லாக் கிருமி தொழிற்சாலைச் சூட்டில் சாகும். பிறகு கொழுப்பைத் தெளிக்கும் இடத்திலோ பொதியிடும் இடத்திலோ மீண்டும் தொற்றலாம். 2012இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நாய் உணவு வழியாக 49 பேருக்கு இந்த நோய் வந்தது. உணவைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கழுவுங்கள். நாயின் கோப்பையைக் குசினித் தொட்டியில் கழுவாமல் வெளிக்குழாயடியில் கழுவுங்கள். தவழும் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் கோப்பையை வைக்காதீர்கள். தண்ணீர் விட்டு ஊறவைத்ததையும் ரின் உணவையும் பகல் வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் எடுத்துக் கொட்டுங்கள்.

கடைச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டுச் சோறும் மீனும் வைத்தால் என்ன? 2022 நெருக்கடியில் அப்படித்தானே சமாளித்தோம்? – வாசகர், மல்லாவி

சமாளிக்கலாம், அளவு தெரிந்தால். 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளுக்கு: அவித்த சோறு 350 கிராம், முள்ளோ எலும்போ இல்லாமல் அவித்த மீன் அல்லது கோழி 200 கிராம், அவித்த பூசணி 60 கிராம், தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. காலை, மாலை இரண்டாகப் பிரியுங்கள்.

இதில் எல்லோரும் விடுவது கல்சியம். சதையில் பொசுபரசு உண்டு, கல்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பிலிருந்து எடுக்கும். முட்டைக் கோதை 10 நிமிடம் கொதிக்க வைத்து, நன்றாகக் காயவிட்டு, மாவாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாப்பாட்டோடு நாளுக்கு அரைத் தேக்கரண்டி போதும். நறநறவென்று இருந்தால் மறுபடி அரையுங்கள்.

வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். கறியில் கரைந்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே கறிச்சட்டி கழுவிய சோறு வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம். அவித்த கோழி எலும்பு ஊசிபோல உடைந்து குடலைக் கிழிக்கும். கோழி ஈரல் நல்லது, கிழமைக்கு ஒருநாள் 50 கிராமோடு நிறுத்துங்கள். கூடினால் விற்றமின் ஏ சேர்ந்து நஞ்சாகும்.

இத்தனை செய்தாலும் துத்தநாகமும் விற்றமின் ஈயும் இந்தச் சாப்பாட்டில் குறையும். கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் செதிலாவது அதைக் காட்டும். எங்கள் பரிந்துரை ஒரு நேரம் கடை உணவு 120 கிராம், ஒரு நேரம் மேலே சொன்னதில் பாதி. குட்டிகளுக்கும் சினைப்பட்ட நாய்க்கும் இந்த அளவு எதுவும் பொருந்தாது. குட்டிக்கு என்று எழுதிய முழுமையான உணவையே கொடுங்கள்.

புதுப் பை திறந்த மறுநாளே நாய்க்கு வயிற்றோட்டம். உணவில்தான் பிழையா? யாரிடம் சொல்வது? – வாசகர், புதுக்குடியிருப்பு

வேறு வகை உணவுக்கு ஒரேயடியாக மாறியிருந்தால் குடல் பழகாததாலும் வயிற்றோட்டம் வரும். மாற்றும்போது முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுவதும் என்று போங்கள். பழகிய அதே உணவின் புதுப் பையில் இது நடந்தால், அல்லது வீட்டில் இரண்டு நாய்க்கும் ஒன்றாக வந்தால், உணவைச் சந்தேகியுங்கள்.

உடனே அந்தப் பையை நிறுத்துங்கள், ஆனால் எறியாதீர்கள். தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, கடைச் சிட்டை மூன்றையும் படம் எடுங்கள். பையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து அரைக் கிலோ சேர்த்து, காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். பூஞ்சண நஞ்சு பை முழுவதும் ஒரே அளவில் இருக்காது. ஒரு இடத்தில் எடுத்தது நல்லதாகவே தெரியலாம். நாய் எப்போது, எவ்வளவு தின்றது, சத்தி எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் சத்தி, மலத்தில் இரத்தம், மஞ்சள் முரசு, அடங்காத தாகம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியரிடம் பையோடு கொண்டுபோங்கள். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கடுவன் பூனை முக்கி முக்கிச் சிறுநீர் போகாமல் நின்றால் எந்த உணவு என்று ஆராய நேரமில்லை. விடியும்வரை பார்க்காமல் கொண்டு ஓடுங்கள்.

காலாவதியான பையை விற்றாலோ, திகதியை அழித்து அல்லது மேலே ஒட்டி விற்றாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு கொடுங்கள். சிட்டையும் பையும் கையில் இருக்கும்போதே அழையுங்கள். இறக்குமதியாளரின் பெயர் பையின் பின்புறம் அச்சிட்டோ ஒட்டியோ இருந்தால் அதே தொகுதி இலக்கத்தைக் குறிப்பிட்டு அவருக்கும் எழுதுங்கள். பை வாங்கிய கடைக்காரரிடமும் சொல்லுங்கள்; அந்தத் தொகுதியில் மிச்சப் பைகள் அவரின் தட்டில் இன்னும் இருக்கக்கூடும்.