ஜைரோடோமா என்ற நத்தை எந்த வகை? புழல் ஏரி நத்தைக்கு உறவா?

தூரத்து உறவுதான். ஜைரோடோமா என்பது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கூசா ஆற்றில் மட்டும் வாழ்ந்து அழிந்துபோன நன்னீர் நத்தைப் பேரினம். 1845-இல் ஷட்டில்வொர்த் என்ற ஆய்வாளர் பெயரிட்டார்.

அடையாளம் ஓட்டின் வாயில் இருக்கிறது. வாயின் மேல் விளிம்பில், சுருள் தையலை (ஒரு சுற்று அடுத்த சுற்றோடு சேரும் கோட்டை) ஒட்டி ஒரு பிளவு. கத்தியால் கீறிவிட்டது போல. பெயரின் பின்பாதிக்கே 'வெட்டு' என்றுதான் பொருள். ஆனால் ஓட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து ஏராளமான இனப் பெயர்களைச் சூட்டிவிட்டார்கள். இன்று ஏற்கப்படுபவை ஆறு இனங்களே.

குடும்பம் புளூரோசெரிடே, மேல்குடும்பம் செரித்தியோய்டியா. ரெட்டேரி, புழல் பக்கம் பாசியை விலக்கினால் பென்சில் முனை போன்ற பழுப்பு நத்தை கையில் வருமே, அது தியாரிடே குடும்பம். எண்ணூர் கழிமுகச் சேற்றில் ஊரும் கூம்பு நத்தைகள் பொட்டாமிடிடே. மூன்றும் அதே மேல்குடும்பத்துப் பங்காளிகள். செவுளால் மூச்சுவிடுபவை; ஓட்டின் வாயை அடைக்க மூடியும் உண்டு. தோட்டத்து நத்தைக்கு இவை இரண்டும் இல்லை.

ஏரி நத்தை தேங்கிய, அழுக்கு நீரையும் தாங்கும். ஜைரோடோமாவுக்குப் பாறைமேல் சலசலத்து ஓடும் நீர் வேண்டும். 20-ஆம் நூற்றாண்டில் கூசாவில் வரிசையாக அணைகள் எழுந்தன. ஓட்டம் நின்று, பாறைகளில் வண்டல் படிந்தது. ஆறு இனங்களும் போயின.