பென்சில் பிடிக்காத பையனும் 18,500 ரூபாய் பெட்டியும்

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 8 மாதம். நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். பகலில் என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஏ முதல் இசட் வரை எழுதுகிறது, இவன் பென்சிலையே பிடிப்பதில்லை. வீட்டுக்கு வந்த ஒருவர் ‘மூளை வளர்ச்சி கிட்’ 18,500 ரூபாய், மாதம் 1,550 தவணை என்றார். 500 ரூபாயும் ஆதார் ஜெராக்ஸும் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாராம். வாங்கலாமா? வாங்காவிட்டால் வீட்டில் என்ன செய்வது?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. இதை முதலில் சொல்லிவிட்டேன், மிச்சத்தை ஆற அமரப் படியுங்கள்.

இந்தப் பெட்டி வியாபாரத்தை நான் வெகுகாலமாகப் பார்க்கிறேன். பெயர்தான் மாறும். உள்ளே கொஞ்சம் ஃபிளாஷ் கார்டு, பிளாஸ்டிக் எழுத்து, தொட்டால் பேசும் ஒரு பேனா. வேலூர் லாங் பஜாரில் தனித்தனியாக வாங்கினால் இந்த விலையில் கால்வாசிகூட ஆகாது. “ஆறு வயதுக்குள் மூளை 90 சதவீதம் வளர்ந்துவிடும்” என்று சொல்லியிருப்பாரே? அளவில் அது உண்மைதான். ஆனால் அந்த வளர்ச்சி அட்டையைப் பார்த்து வருவதில்லை. தூங்கி, சாப்பிட்டு, ஓடி, பேசி வருகிறது.

தவணை என்று அவர் சொல்வது, ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் போடும் கடன். பணம் மொத்தமாக அவர் கைக்குப் போய்விடும். மூன்றாம் மாதம் பேனா பேசாமல் போனாலும் உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து 1,550 போய்க்கொண்டே இருக்கும். ஒரு மாதம் தவறினால் சிபில் மதிப்பெண் அடிபடும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். இவர் போனால் இன்னொருவர் வருவார், கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் ‘மிட்பிரெய்ன்’ வகுப்பு என்பார். மூக்கோரத்து இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று சொல்லப் பிள்ளையைப் பழக்கும் வகுப்பு அது.

இப்போது பென்சில். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. உங்கள் மகன் வயதில் அதில் பாதியாவது இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். மூன்று வயதில் வட்டம், நான்கை ஒட்டிக் கூட்டல் குறி, அப்புறம் சதுரம், ஐந்தில் முக்கோணம். பிள்ளைகள் கை பொதுவாக இந்த வரிசையில்தான் திருந்தும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து ‘அ’ போடச் சொல்கிறோம். சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த கடினமான எழுத்து அது. நேர்கோடு மட்டுமே உள்ள ‘ட’, ‘ப’ இரண்டையும் முதலில் எடுத்தால் பிள்ளை அழாது.

அதையும் விரலால் எழுதவிடுங்கள். விஜயதசமிக்கு நெல்லைப் பரப்பி விரல் பிடித்து எழுதவைக்கிறோமே, அதை ஏன் ஒரே நாளோடு நிறுத்திவிடுகிறோம்? 1790-களில் எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அந்த வழக்கத்தை இங்கிலாந்து வரை கொண்டுபோனார். நமக்குத்தான் அது பெட்டியில் தவணைக்கு வர வேண்டியிருக்கிறது. பாலாற்று மணல் கிடைக்காவிட்டால் தாம்பாளத்தில் ஒரு பிடி ரவை போதும்.

விரலுக்கு வலு வர உங்கள் சமையலறையே போதும். எனக்குப் பிடித்தது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைப்பது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து அழுத்தினால்தான் ஓடு வெடிக்கும். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களும் அவைதான். ஆயா (உங்கள் மாமியார்) ஒரு கூடை வைத்துக்கொண்டு உட்காரட்டும், பையன் பத்து உடைக்கட்டும். முழுக் கொட்டையை இவன் வாயில் போடாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சுக்குழலில் போய்விட்டால் ஆபத்து. இன்னும் சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம். முருங்கைக்கீரை உருவுவது, சப்பாத்தி மாவு உருட்டுவது, கொடியில் துணி கிளிப் மாட்டுவது, ஈரக் கைக்குட்டையைப் பிழிவது எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். வீடு கொஞ்சம் நனையும், பரவாயில்லை.

எண்ணுக்கு ஒரு சோதனை. நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் “மூணு தக்காளி எடுத்துட்டு வா” என்று சொல்லிப் பாருங்கள். கையில் கிடைத்ததை அள்ளி வரும். ஐந்து வரை சரியாக எடுத்துவந்தால் இப்போதைக்கு அது போதும். இட்லித் தட்டு, மாடிப்படி, பல்லாங்குழி என்று எண்ண எத்தனையோ இருக்கிறது.

எழுத்துக்கு முன்னால் ஓசை. கத்-த-ரிக்-காய் என்று நாலு தட்டு, வா-ழை என்று ரெண்டு தட்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட விளையாடலாம். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசினால் அதிலேயே தட்டுங்கள், கதையும் அதிலேயே சொல்லுங்கள். செல்போன் இந்த வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. குறைந்தால் இன்னும் நல்லது.

எல்.கே.ஜி.க்கு இன்டர்வியூ வைப்பார்களே என்று அடுத்துக் கேட்பீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, சேர்க்கையில் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 6 முதல் 14 வயது. அதனால் நர்சரிக்கு இது செல்லாது என்று 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளையைச் சோதித்தால் குற்றம், மூன்றரை வயதுப் பிள்ளையைச் சோதித்தால் குற்றமில்லை! இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் நேரமில்லை. மூன்றரை வயதுப் பிள்ளையை எழுதச் சொல்லிப் பார்க்கும் பள்ளி உங்களுக்கு வேண்டாம். பக்கத்துப் பால்வாடியை ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

பொறுத்திருங்கள் என்று நான் சொல்லாத இடம் ஒன்று உண்டு: பேச்சு. பையன் பேசுவதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொல் சேர்ந்திருக்க வேண்டும். நான்கை நெருங்கும்போது தெருவில் போகிறவருக்கும் அவன் பேச்சில் பெரும்பகுதி புரிய வேண்டும். இல்லையென்றால் “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பதும் வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது காது. “கூப்பிட்டா திரும்புறான், சொன்னதெல்லாம் புரிஞ்சுக்குறான்” என்பார்கள். ஆயா சொல்லும்போது கையும் சேர்ந்து காட்டுவார், பிள்ளை அந்தக் கையைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். சளி பிடித்துப் பிடித்துக் காதுக்குள் நீர் தங்கினாலும் கேட்பது மங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. காதில் சீழ் வடிந்திருந்தாலோ, டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலோ சந்தேகப்படுங்கள். கேட்கும் திறனை எந்த வயதிலும் பரிசோதிக்கலாம், பிறந்த குழந்தைக்கே செய்கிறார்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். பால்வாடியில் சேர்த்தால், ஆண்டுக்கு இரண்டு முறை வரவேண்டிய மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். அவர்கள் எப்போது வருவார்கள் என்று ஆசிரியரை நீங்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தானாக யாரும் சொல்லமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால் வாசலிலேயே பேசி அனுப்புங்கள். ஆதார் ஜெராக்ஸைத் திரும்ப வாங்குங்கள். செல்லுக்கு ஓ.டி.பி. வந்தால் சொல்லாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 500 ரூபாயைத் தரமாட்டேன் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அந்த எண்ணை அவர் முன்னாலேயே அழுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும்.