எது நோய், எது குணம்? மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்

நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இயல்பான நடத்தை எது, அதை யார் தீர்மானிப்பது என்பது பற்றி வாசகர்களைக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ‘இது நார்மலா டாக்டர்?’ ரகம். பரவாயில்லை. இங்கே மருந்து எழுதித் தர மாட்டேன். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே (மதுரை அம்மா): பையனுக்கு 19 வயது. கல்யாண வீடு, காதுகுத்து எதற்கும் வர மாட்டேன் என்கிறான். சொந்தக்காரர்கள் ‘ஒரு மாதிரி’ என்கிறார்கள். நார்மலா டாக்டர்?

ப: சின்ன வயதிலிருந்தே இப்படித்தானா, இல்லை சமீபமாகவா? நான் முதலில் கேட்பது இதைத்தான். எப்போதும் இப்படித்தான், ஒன்றிரண்டு நண்பர்கள் உண்டு, தூக்கம், சாப்பாடு, படிப்பு சரியாக இருக்கிறது என்றால் அது அவன் சுபாவம், விட்டுவிடுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் சில மாதங்களாக ஒதுங்குகிறான், குளிப்பதில்லை, தனியாக முணுமுணுக்கிறான், எல்லோரையும் சந்தேகப்படுகிறான் என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சொந்தக்காரர்களின் அபிப்பிராயம் எந்த அறிகுறிப் பட்டியலிலும் இல்லை.

கே (சட்டம் படிக்கும் தம்பி): ஒருவரை மனநோயாளி என்று சொல்ல சட்டம் என்ன அளவுகோல் வைத்திருக்கிறது, மேடம்?

ப: நல்ல கேள்வி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். ஏற்கப்பட்ட மருத்துவ முறைப்படிதான் நோயை நிர்ணயிக்க வேண்டும். அதோடு நிற்காமல், எதை வைத்து நிர்ணயிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்கம், பண்பாடு, வேலை, அரசியல், மத நம்பிக்கை இவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று சொல்லக் கூடாது. முன்பு எப்போதோ சிகிச்சை எடுத்தார் என்பது மட்டும் போதாது என்றும் இருக்கிறது.

சும்மா எழுதிய வரி இல்லை அது. 1851-இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், எஜமானரிடமிருந்து தப்பியோடும் அடிமைகளுக்கு ‘டிராப்பிட்டோமேனியா’ என்ற நோய் என்று எழுதினார். சவுக்கடியையும் வைத்தியத்தில் சேர்த்திருந்தார். ஓடுவது நோயாம், ஓட வைத்தது நோயில்லையாம். சோவியத்தில் பியோத்தர் கிரிகோரென்கோ என்ற ராணுவ ஜெனரல், ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கிரிமியத் தாத்தார் இன மக்களுக்காகப் பேசினார். அவரைப் பைத்தியம் என்று சொல்லி வருடக்கணக்கில் மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். பிறகு அமெரிக்காவில் டாக்டர்கள் பரிசோதித்தபோது நோய் எதுவும் தென்படவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். என் ஓ.பி.க்கு ஒருவர் மனைவியைக் கூட்டி வந்தார். கோடு போட்ட நோட்டுத்தாளில் புகார்களை நம்பர் போட்டு எழுதி வந்திருந்தார். எதிர்த்துப் பேசுகிறாள், மாமியார் முன்னால் உட்காருகிறாள், சமைக்கும்போது பாட்டுக் கேட்கிறாள் என்று போய், கடைசியில் ‘முறைக்கிறாள்’. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். “அவர் குறட்டை விடாத அன்னைக்கு நல்லா வரும் டாக்டர்” என்றார். அவருக்கு நோய் எதுவும் இல்லை. கணவருக்குத் தேவைப்பட்டது சர்டிபிகேட். விவாகரத்துக்கு மனநோயை ஒரு காரணமாக இந்துத் திருமணச் சட்டம் ஏற்கிறதே, அதற்காக. எழுதித் தரவில்லை. வேறு யாரும் எழுதித் தந்தார்களா என்பது எனக்குத் தெரியாது.

கே (குழலி): பெண்ணுக்கு 14 வயது. எப்போதும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நார்மலா?

ப: மதுரை அம்மாவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கே (ஆதாரம் எங்கே): 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் ஓட்டுப் போட்டு ஓரினச்சேர்க்கையை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. கை தூக்கி முடிவு செய்வதற்குப் பெயர் அறிவியலா?

ப: 1952-இல் வந்த முதல் பட்டியலில் அதைச் சேர்த்தபோது எந்த ஆதாரத்தை வைத்துச் சேர்த்தார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? சிகிச்சைக்கு வந்தவர்களையும் சிறையில் இருந்தவர்களையும் மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் இப்படித்தான் என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணினால் ஊரே நோயாளிதான். எவெலின் ஹூக்கர் என்ற உளவியலாளர், சிகிச்சைக்கே வராத 30 ஓரினச்சேர்க்கை ஆண்களையும் 30 மற்ற ஆண்களையும் சோதித்தார். பெயரை மறைத்து விடைத்தாள்களை நிபுணர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. அது 1957. ஓட்டு அதற்கு 16 வருடம் கழித்து.

கே (ஆதாரம் எங்கே): ஆனாலும் போராட்டம் நடத்தி அழுத்தம் கொடுத்ததால்தானே மாறியது?

ப: போராட்டம் நடந்தது உண்மை. 1972-இல் டல்லஸில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஜான் ஃபிரையர் என்ற மனநல மருத்துவர், ரப்பர் முகமூடி, விக், தொளதொள கோட்டு, குரலை மாற்றும் மைக் என்று வந்து, நான் ஓரினச்சேர்க்கையாளன், நானும் உங்களில் ஒரு டாக்டர் என்றார். வேலை போய்விடும் என்ற பயம். ஆதாரம் ஏற்கெனவே மேஜையில் கிடந்தது, அதை எடுத்துப் படிக்க வைத்தது போராட்டம். 1973-இல் நீக்கிய பிறகு, 1974-இல் எதிர்த்தரப்பு கேட்டுத்தான் உறுப்பினர்கள் எல்லோரிடமும் வாக்கெடுப்பு நடந்தது. 58 சதவீதம் பேர் நீக்கியது சரி என்றார்கள். ஓட்டுக் கேட்டது உங்கள் கட்சி, ஐயா.

கே (பொன்வண்டு): ஆதாரம் சார், உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இப்படிக் கேட்பீர்களா?

கே (ஆதாரம் எங்கே): என் வீட்டுப் பிள்ளை என்றால் நல்ல டாக்டரிடம் கொண்டுபோய் மாற்றியிருப்பேன்.

ப: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். ‘மாற்றுகிற’ டாக்டர் நல்ல டாக்டர் இல்லை. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்த வழக்கில், 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட ‘சிகிச்சை’களுக்குத் தடை போட்டார். தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்புக்கு முன் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. யாராவது மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்டால் மருத்துவ கவுன்சிலுக்கு எழுதுங்கள்.

கே (வாசகன்): நோயே இல்லாதவர்கள் நடித்து மனநல மருத்துவமனைக்குள்ளே போய் மாட்டிக்கொண்ட ரோசன்ஹான் ஆய்வைச் சொல்லவில்லையே?

ப: வேண்டுமென்றே விட்டேன். சூசன்னா கஹலன் என்ற பத்திரிகையாளர் தோண்டிப் பார்த்து 2019-இல் எழுதியதிலிருந்து அந்த ஆய்வின் மேல் பலமான சந்தேகம் இருக்கிறது.

கே (இடது கை அப்பா): மகன் இடது கையால் எழுதுகிறான். என் அம்மா கையில் சூடு வைப்பேன் என்று மிரட்டுகிறார்.

ப: பத்தில் ஒருவர் இடது கைக்காரர். பேரனுக்கு வைத்தியம் தேவையில்லை. அம்மாவிடம் பேச வேண்டியது நீங்கள்தான்.

கே (பெயர் வேண்டாம்): தம்பிக்குக் காதில் குரல் கேட்கிறது. மாத்திரையில் கொஞ்சம் தேறினான், நிறுத்திவிட்டோம். இப்போது கோயிலில் கட்டிவைத்தால் சரியாகும் என்கிறார்கள்.

ப: நிறுத்தியது யார் சொல்லி? நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மேலே எழுதியது இதற்குத்தான். உங்கள் தம்பிக்கு இருப்பது நோய், அவர் அவதிப்படுகிறார், மாத்திரையில் தேறவும் செய்கிறார். ஊரோடு ஒத்துப்போகாதவர் நோயாளி இல்லை என்று நான் சொன்னதை இங்கே கொண்டுவராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் தர்கா பக்கத்து விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். மேலே சொன்ன 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவுப்படி மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது. கோயிலுக்குப் போங்கள், சாமி கும்பிடுங்கள், சங்கிலி வேண்டாம். நாளைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பழைய சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.

கே (ரீல்ஸ் ராணி): என் கணவருக்கு நார்சிசிசம், அதாவது தான்தான் பெரிது என்கிற கோளாறு, இருக்கிறது. பத்து அறிகுறியும் பொருந்துகிறது. நார்மலா?

ப: வீடியோ பார்த்து வீட்டுக்காரருக்கு நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். அடிக்கிறாரா? அடித்தால் 181-க்குக் கூப்பிடுங்கள், பெயரெல்லாம் பிறகு. அடுத்து ‘நார்மலா’ என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது.

கே (ஆதாரம் எங்கே): என் கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

ப: வந்துவிட்டது. மேலே போய்ப் பாருங்கள்.

கே (நண்பன்): அறைத்தோழன் நேற்று ராத்திரி நிறைய மாத்திரை விழுங்கிவிட்டான். வாந்தி எடுத்தான், இப்போது படுத்திருக்கிறான். ஆஸ்பத்திரி போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயப்படுகிறான்.

ப: இதை முதலில் அனுப்பியிருக்கக் கூடாதா! அதே 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகலாம், அது நடைமுறை. வாந்தி எடுத்துவிட்டான் என்று விட்டுவிடாதீர்கள், சில மாத்திரைகள் இரண்டு நாள் கழித்துத்தான் ஈரலைத் தாக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். மற்றவர்கள் மன்னிக்கவும், மீதிக் கேள்விகள் இன்னொரு நாள். தம்பி, கிளம்பியதும் ஒரு வரி போடுங்கள்.