வெண்ணெய்க்குப் பதில் ஆப்பிளா?

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மாமனாருக்குச் சர்க்கரை நோய். அதனால் ஓட்ஸ் குக்கீஸில் முட்டைக்கு வாழைப்பழம், சர்க்கரைக்குப் பேரீச்சை, வெண்ணெய்க்கு வேகவைத்து மசித்த ஆப்பிள் என எல்லாவற்றையும் பழமாக மாற்றிச் செய்தேன். கொழுக்கட்டை போலச் சொதசொதவென்று வந்தது. மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால் பூஞ்சை! எங்கே தவறினேன்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, வாழைப்பழமும் பேரீச்சையும் தவறில்லை. அந்த ஆப்பிள்தான் கெடுத்தது.

தீபாவளி முறுக்குக்கு மாவு பிசையும்போது வெண்ணெயை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பல் உடைந்துவிடும். கொழுப்பு மாவின் மேல் பூசிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதால்தான் பண்டம் வாயில் உதிர்கிறது. வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. ஆப்பிளில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். கொழுப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். ஓட்ஸ் அதைக் குடித்துக் கஞ்சிப் பதத்துக்குப் போய்விட்டது. பட்டர் ஃப்ரூட் வாங்கினால் சரியாகுமா என்று கேட்பீர்கள். பெயரில்தான் வெண்ணெய், அதிலும் கொழுப்பு 15 சதவீதம் அளவுக்குத்தான்.

பூஞ்சைக்கு வருவோம். பழனி பஞ்சாமிர்தமும் வாழைப்பழம்தானே, அது மட்டும் ஏன் வெளியில் வைத்தாலும் கெடுவதில்லை? பழத்தில் இருக்கும் ஈரத்தை நாட்டுச்சர்க்கரையும் தேனும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தனியாகச் சேர்ப்பதில்லை. நீங்கள் சர்க்கரையை எடுத்துவிட்டீர்கள், ஈரத்தைக் கூட்டிவிட்டீர்கள். மதுரை வெயிலில் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். விதை நீக்கிய பேரீச்சை 100 கிராமை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்துவிட்டு விழுதாக அரையுங்கள். அதில் மசித்த வாழைப்பழம் 60 கிராம், இளகிய வெண்ணெய் 75 கிராம் சேர்த்துக் குழைத்து, ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவு 75 கிராம், கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு, ஏலப்பொடி போட்டுப் பிசையுங்கள். வாழைப்பழத்தில் எனக்குச் சிறுமலைப் பழம்தான் பிடிக்கும். சதை கெட்டி, நீர் குறைவு, மணமும் தனி. கிடைக்காவிட்டால் கரும்புள்ளி விழுந்த பூவன் போதும். இதற்கு மேல் ஒரு பழம் கூடப் போட்டுவிடாதீர்கள். முட்டையைப் போல வாழைப்பழம் வெந்து இறுகாது. பசையாக ஒட்டிக்கொள்ள மட்டுமே உதவும்.

மாவை அரை மணி நேரம் மூடி வையுங்கள், ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளட்டும். பிறகு இருபது உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் தட்டைக்குத் தட்டுவதுபோல் உள்ளங்கையால் அழுத்துங்கள். சர்க்கரை உருகி ஓடினால்தான் குக்கீ தானாகப் பரவும். பேரீச்சை உருகாது, வைத்த வடிவிலேயே நிற்கும். ஓவன் சூடு 170 டிகிரி செல்சியஸ், 15 முதல் 18 நிமிடம். சூடு கூடினால் பழச்சர்க்கரை சீக்கிரம் கருகும். எடுத்ததும் சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் பரப்பி, முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். வெதுவெதுப்பாக மூடினால் மூடியில் வேர்த்து மறுபடி ஈரமாகும். வெளியில் இரண்டு நாள், பிறகு குளிர்பதனப் பெட்டி. கடையில் வாங்குவதுபோல் மொறுமொறுப்பு வராது. ஓரம் கரகரவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும்.

மாமனார் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதைச் 'சர்க்கரை இல்லாத பிஸ்கட்' என்று சொல்லி அவரிடம் தட்டை நீட்டாதீர்கள். பேரீச்சையும் வாழைப்பழமும் சேர்ந்து ஒரு குக்கீயில் ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரையைக் கொண்டுவந்துவிடும். அது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. ஓட்ஸ், கோதுமையில் உள்ள மாவுச்சத்து வேறு. பழம்தானே என்று அவர் நான்கு சாப்பிட்டுவிட்டால் பாதிப்பு அவருக்குத்தான். அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்த அளவுகளை எழுதிக் காட்டிக் கேளுங்கள். அவர் சரி என்றால், ஒன்றே ஒன்று, தேநீரில் சர்க்கரை இல்லாமல். முதல் தடவை சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.